எட்டாக்கிடலாமா?

கேம் விமர்சனம் எழுதும் வேலையில் கடைசியாக நிரப்புவது மதிப்பெண் கட்டத்தைத்தான். எவ்வளவு பத்தி எழுதியிருந்தாலும் அது காலியாக இருந்தால் கட்டுரை வெளியாகாது. பத்துக்கு ஏழரை போட்டு அனுப்பினால் ஆசிரியரிடமிருந்து போன் வரும்.

"பாராட்டித்தானேப்பா எழுதியிருக்க, எட்டாக்கிடலாமா?"

"சண்டை நடக்கும்போது கேமரா சுவருக்குள்ள போய் மாட்டிக்குது சார். அதுக்குத்தான் அரை குறைச்சேன்."

"அதெல்லாம் பேட்ச்ல சரியாயிடும்."

அவர் சொல்வதும் பொய்யில்லை. கேம் வெளியான பிறகு அனுப்பும் திருத்தம்தான் பேட்ச், அது வந்தால் சில வாரத்தில் கேமரா சரியாகிவிடும். ஆனால் பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு ஒரு சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் இணையதளம் ஒரு விமர்சனத்துக்கு முதலில் தந்த மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளும். பிறகு மாற்றினாலும் கணக்கில் சேராது. போதாததற்கு அங்கே சினிமாவுக்கு 61 வந்தாலே நல்லது என்று காட்டும் பச்சை நிறம், கேமுக்கு மட்டும் 75 வேண்டும். பத்துக்கு ஐந்து நடுத்தரம் என்பதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. இந்தத் தொழிலில் ஏழு வாங்கினாலே துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிடும்.

இந்த அரை மதிப்பெண்ணில் அடுத்தவர் காசும் இருக்கிறது. 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமுக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பது அதை உருவாக்கிய அப்சிடியன் ஸ்டூடியோவின் ஒப்பந்தம். வந்தது 84. அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெல்லோன் 2012-ல் ட்விட்டரில் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. வெளியான புதிதில் அந்த கேம் அடிக்கடி உறைந்து நின்றது உண்மை. விமர்சகர்கள் அதற்குக் குறைத்ததில் தப்பே இல்லை. பின்னால் பேட்ச்கள் வந்தன, இன்றைக்கும் கதைக்காகவே அதைக் கொண்டாடுகிறார்கள். 84 மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு சராசரியை நம்பி ஒப்பந்தம் போட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

'சைபர்பங்க் 2077' இதற்கு நேர் எதிர். 2020 டிசம்பரில் வெளியாகும் முன் விமர்சகர்கள் கைக்கு வந்தது பிசி பதிப்பு. அதற்குக் கிடைத்த மதிப்பெண்கள் பிரமாதம். அதை நம்பி பழைய பிளேஸ்டேஷன் 4-ல் வாங்கிப் போட்டவர்களுக்குத் தடுமாறும் படமும் பாதியில் மூடிக்கொள்ளும் கேமும்தான் மிஞ்சின. ஒரு வாரம் தாண்டியதும் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. பிசியில் ஆடியவர் தந்த ஒன்பதும் சரிதான், பிளேஸ்டேஷன் 4-ல் ஆடியவர் தந்திருக்கக்கூடிய நான்கும் சரிதான். எந்த இயந்திரத்தில் ஆடியது என்பது எண்ணோடு ஒட்டி வருவதில்லை.

யூரோகேமர் என்ற கேம் விமர்சனத் தளம் 2015-ல் மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டு 'பரிந்துரைக்கிறோம்', 'தவிர்க்கவும்' என்று எழுதிப் பார்த்தது. 2023-ல் ஐந்து நட்சத்திரத்துக்குத் திரும்பியது. வாசகர் முதலில் பார்ப்பது கட்டத்தைத்தான் என்பது ஆசிரியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் எண்ணோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். எந்த மெஷினில் ஆடினேன், எந்த பேட்ச் வரை போட்டிருந்தேன், கதையை முடித்தேனா இல்லையா என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் ஆசிரியர் முதலில் வெட்டுவது அதைத்தான். அடுத்த முறையும் எழுதி அனுப்புகிறேன்.