பாரம் கொடுக்கப் பழகுதல்

ஒரு நடன முறையைக் கற்கப் போன முதல் வகுப்பில் எனக்கு இணையாக வந்து அமர்ந்தவர் 61 வயதான, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. திருவான்மியூரில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில், சனிக்கிழமை மாலைகளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த கூடம் அது. காவி நிறச் சிமெண்ட் தரை, இரண்டு மின்விசிறிகள், சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள். முதுகோடு முதுகு ஒட்ட உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. டீச்சருடைய முதுகு என் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்ததே தவிர, அவருடைய பாரம் துளிகூட என் பக்கம் வரவில்லை. "நல்லா சாயுங்க டீச்சர்" என்றேன். "வேண்டாம்மா, நான் 78 கிலோ, உனக்கு இடுப்புப் பிடிச்சுக்கும்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் சாயவில்லை. இன்னொருவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதை வாழ்க்கை நெறியாகவே சொல்லிக்கொடுத்து வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள் இருவரும். 'கடைசிவரைக்கும் யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாது' என்று வேண்டிக்கொள்ளாத பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்களா? பயிற்றுநர் எங்களை அவசரப்படுத்தவில்லை. மூச்சை வெளியே விடும்போது மட்டும் எங்கே கொஞ்சம் தளர்கிறது என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த இணையிடம் போய்விட்டார். நான்கைந்து நிமிடங்கள் கழித்து, ஒரு நீண்ட மூச்சின் முடிவில், டீச்சருடைய இடது தோள்பட்டை எலும்பின் கீழ்விளிம்பு என் முதுகில் அழுந்துவதை உணர்ந்தேன். பிறகு, கொடியில் போட்ட ஈரப்புடவை நடுவில் மெல்லத் தொய்வதுபோல, அவருடைய முதுகு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்க நானும் பாதங்களைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இருவரும் சரிந்திருப்போம். அறுவடைக்குப் பிறகு காயவைக்க ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தும் எள் கட்டுகளைப் போல, சாய்ந்ததனாலேயே நிமிர்ந்து இருந்தோம். நான் தாங்கிக்கொண்டிருந்தேனா, தாங்கப்பட்டுக்கொண்டிருந்தேனா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

இந்த நடன முறைக்குக் காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்று பெயர். ஆடுகிறவர்கள் சுருக்கமாகக் காண்டாக்ட் என்பார்கள். முன்கூட்டி அமைத்த அடவுகள் இதில் கிடையாது, பெரும்பாலும் இசையும் கிடையாது. இருவர் உடல்களும் தொடுகிற ஒரு புள்ளியிலிருந்து ஆட்டம் தொடங்குகிறது. முதுகிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து இடுப்புக்கும் அந்தப் புள்ளி உருண்டு செல்ல, அதன் வழியே பாரத்தைக் கொடுத்தும் வாங்கியும் இருவரும் நகர்கிறார்கள். எந்த அசைவை யார் தொடங்கினார்கள் என்பது ஒரு கட்டத்துக்குமேல் ஆடுகிறவர்களுக்கே தெரிவதில்லை.

இதன் தொடக்கம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1972 ஜனவரியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில், ஸ்டீவ் பாக்ஸ்டன் என்னும் நடனக் கலைஞர் மாணவர்களைக் கொண்டு 'மெக்னீசியம்' என்றொரு நிகழ்வை நடத்தினார். மெத்தைகளின்மேல் ஆண்கள் சிலர் ஒருவரோடொருவர் மோதினார்கள், விழுந்தார்கள், உருண்டார்கள், எழுந்தார்கள். முடிவில் சில நிமிடங்கள் அசையாமல் நின்றார்கள். பாக்ஸ்டன் இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர், நவீன நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவில் ஆடியவர், ஐகிடோ கற்றவர். எதிராளியின் விசையை எதிர்க்காமல் அதனோடு சேர்ந்து சுழன்று, அடிபடாமல் விழுவதற்கு அந்த ஜப்பானியத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுக்கிறது. காண்டாக்டில் விழுதல் ஒரு பிழையாகக் கருதப்படாததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அன்று அதைப் பார்த்த நான்சி ஸ்டார்க் ஸ்மித் என்னும் மாணவி, பெண்களையும் சேர்த்து இதைச் செய்வதானால் தன்னையும் அழைக்கும்படி பாக்ஸ்டனிடம் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கின் ஜான் வெபர் கலைக்கூடத்தில், வருகிறவர்கள் வந்து பார்த்துப் போகும்படி நாள்தோறும் பல மணி நேரம் இந்த ஆட்டம் நடந்தபோது, ஆடியவர்களில் அவரும் ஒருவர்.

மெக்னீசியத்தின் முடிவில் இருந்த அந்த நிற்றலைப் பாக்ஸ்டன் 'சிறிய நடனம்' என்று அழைத்தார். எங்கள் வகுப்பு இன்றும் அதில்தான் தொடங்குகிறது. கண்களை மூடி, நிற்பதற்குத் தேவையில்லாத இறுக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் போனதும், நாம் அசையாமல் நிற்கவே இல்லை என்பது புலப்படும். உடல் முன்னால் சரியப் பார்க்கிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, குதிகாலுக்குப் பாரம் போகிறது, கால்விரல்கள் தரையைப் பற்றுகின்றன. நாம் ஏவாமலே உடல் தன்னை விழாமல் காத்துக்கொண்டிருக்கும் இந்த வேலையை, நாற்பது வயதுவரை நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. தன் உடலில் நடப்பது காதில் விழுந்தால்தான் அடுத்தவர் உடலில் நடப்பதும் விழும் என்பதால் அதை முதலில் வைத்திருக்கிறார்கள்.

பதினான்கு ஆண்டுகள் பரதம் பயின்றவள் நான். அந்தப் பயிற்சி எனக்குத் தந்ததில் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டியின் உறுதி இல்லாவிட்டால் டீச்சரின் 78 கிலோவை என் தொடைகள் அன்று தாங்கியிருக்காது. ஆயினும் பதங்கள் என்னும் காதல் பாடல்களில் நான் பேசிய நாயகன் ஒருநாளும் மேடையில் இருந்ததில்லை. அவன் வந்ததாக நாணினேன், வராததற்கு ஊடினேன், தோழியைத் தூது அனுப்பினேன்; நாயகன், தோழி, கிளி என்று எல்லாமே என் கண்ணும் கையும் உண்டாக்கியவை. அப்படி உண்டாக்குவதில்தான் அபிநயத்தின் மாண்பே இருக்கிறது. ஆனால் இல்லாதவனிடம் பேசிப் பழகிய உடம்பு, இருக்கிற ஒருவரின் முதுகு வந்து ஒட்டியதும் திகைத்துப்போனது. நான் எண்ணியபடி அது நடந்துகொள்ளவில்லை. அதற்கென்று ஒரு வெப்பமும், ஒரு களைப்பும், என்னால் முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒரு விருப்பமும் இருந்தன. (இதே சென்னையில், 1985-இல், பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் 'அங்கிகா' என்னும் படைப்பில் ஒரே தளத்தில் வைத்துப் பார்த்த நடன அமைப்பாளர் சந்திரலேகாவைப் பற்றி எனக்கு நடனம் கற்பித்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரைத் தாமதமாகக் கண்டுகொண்டது எனக்கு இன்றும் ஒரு குறைதான்.)

சேர்ந்து ஆடினால் மனிதர்கள் நெருங்குவார்கள் என்பது கும்மியும் கோலாட்டமும் கண்ட நமக்குப் புதிய செய்தியாக இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரே தாளத்தில் ஒரே அசைவை ஆடியவர்களுக்கு ஒருவர்மீது ஒருவருக்கு நெருக்கம் கூடியதையும், வலி தாங்கும் அளவு உயர்ந்ததையும் காட்டியது. அதில் எனக்கு ஐயமில்லை. என்றாலும் அணிவகுப்பில் காலெடுத்து வைக்கும் படைவீரர்களுக்கும் அதே நெருக்கம் கிடைக்கிறது. அங்கே எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுவதால் கிடைக்கிற நெருக்கம் அது. காண்டாக்டில் இருவரும் ஒரே அசைவைச் செய்யவே முடியாது. ஒருவர் மேலே இருந்தால் மற்றவர் கீழே இருக்க வேண்டும், ஒருவர் விழுந்தால் மற்றவர் தரையாக வேண்டும். மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்து ஆடும் பின்னல் கோலாட்டத்தில், எனக்கு எதிர்த்திசையில் வருகிறவளின் கயிறு என் கயிற்றின்மேல் ஏறி இறங்கினால்தான் பின்னல் விழும். நான் தேடிக்கொண்டிருந்த நெருக்கம் ஏறக்குறைய அந்தப் பின்னலைப் போன்றது.

உடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் இந்த முறை வேறு பலருக்கும் வாசல் திறந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த அலிட்டோ அலெஸ்ஸி 1987-இல் தொடங்கிய 'டான்ஸ்எபிலிட்டி', மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடுவதற்கென்றே காண்டாக்டிலிருந்து கிளைத்தது. மூளை முடக்குவாதம் கொண்ட, சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய எமரி பிளாக்வெல்லும் அவரும் பல ஆண்டுகள் இணைந்து ஆடினார்கள். கொடுக்கவும் வாங்கவும் பாரம் இருந்தால் போதுமானது என்னும்போது, சக்கர நாற்காலியும் அந்த உடலின் ஒரு பகுதியாகவே ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

இனிச் சொல்லப்போவது எழுதச் சுகமானது அல்ல. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் நேர்மையற்றவளாவேன். இரண்டாம் ஆண்டில், வெளியூரில் நடந்த ஒரு ஜாமுக்குப் போயிருந்தேன். யாரும் யாரோடும் இணைந்து ஆடி, விரும்பியபோது விலகிக்கொள்ளும் திறந்த கூடுகையை ஜாம் என்பார்கள். அங்கே ஒருவர், நான் விலகிய பிறகும் விலகியதாக ஏற்கவில்லை. தோளைத் திருப்பினேன், உருண்டு அகன்றேன், சுவரோரம் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அது ஆட்டத்தின் அடுத்த அசைவு என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வாய் திறந்து "போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து நடுங்கினேன். நடத்தியவர்களிடம் சொன்னபோது, இங்கே எல்லாம் உடலின் மொழிதான், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். என் உடல் மூன்று முறை தெளிவாகப் பேசியிருந்தது. கேட்கத் தெரியாதவருக்குத்தான் அவர்கள் பரிந்து பேசினார்கள்.

அதன்பின் ஏழு மாதம் நான் எங்கும் ஆடவில்லை. திருவான்மியூர்க் கூடத்துக்கு நான் திரும்பிப் போனதற்குக் காரணம், அங்கே சிறிய நடனத்துக்கு அடுத்த பத்து நிமிடங்கள் 'வேண்டாம்' என்று சொல்வதற்கே ஒதுக்கப்பட்டிருந்ததுதான். ஒருவர் கையை நீட்டுவார். மற்றவர் 'வேண்டாம்' என்பார். நீட்டியவர் 'நன்றி' என்று சொல்லிக் கையை எடுத்துக்கொள்வார். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும், ஆனால் ஒரு பெண்ணுடைய 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு ஒருவர் முகம் கோணாமல் நன்றி சொல்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆண்களோடு ஆடுவதா, பெண்களோடு மட்டும் ஆடுவதா, இன்றைக்கு ஆடவே வேண்டாமா என்பதை அவரவரே ஒவ்வொரு வாரமும் முடிவு செய்யலாம். இன்று பல ஊர்களிலும் ஜாம்களின் வாசலில் இத்தகைய நெறிகளை எழுதி ஒட்டுகிறார்கள். நெறிகள் வந்தால் ஆட்டத்தின் சுதந்திரம் போய்விடும் என்று வருந்துகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. விலக முடியும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் என் முழுப் பாரத்தையும் என்னால் கொடுக்க முடிந்தது.

இந்த முறையைத் தொடங்கியவர்களும் காப்பதா, திறந்து விடுவதா என்ற கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். 1970-களின் நடுவில், சரியான பயிற்சி இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு அடிபடுமே என்ற கவலையில், இந்த நடனத்தின் பெயரைச் சட்டப்படி பதிவு செய்து, கற்பிப்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்கலாமா என்று யோசித்தார்கள். பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டு, ஆடுகிறவர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள 1975-இல் ஒரு செய்தி மடலைத் தொடங்கினார்கள். நான்சி ஸ்டார்க் ஸ்மித் பல பத்தாண்டுகள் ஆசிரியப் பொறுப்பில் இருந்து வளர்த்த 'காண்டாக்ட் குவார்ட்டர்லி' என்னும் இதழ் அதிலிருந்து பிறந்ததுதான். எங்கள் கூடத்தில் கற்பிக்கச் சான்றிதழ் கேட்கப்படாததற்கும், வெளியூரில் எனக்கு நேர்ந்ததைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போனதற்கும் அந்த ஒரே முடிவுதான் காரணம் என்று நினைக்கும்போது, அதை முழு மனதோடு பாராட்டவும் முடியவில்லை, பழிக்கவும் முடியவில்லை. உடல்கள் நெருங்கவே கூடாது என்று உலகம் அடைந்து கிடந்த 2020 மே முதல் நாளில் நான்சி மறைந்தார். 2024 பிப்ரவரியில், 85-ஆம் வயதில் பாக்ஸ்டனும் மறைந்தார். அந்த வாரச் சனிக்கிழமை நாங்கள் சிறிய நடனத்தை வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றோம்.

சென்ற ஆண்டு என் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரம், அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவது எங்கள் இருவருக்கும் பெரும்பாடாக இருந்தது. நான் முன்னால் நின்று கைகளைப் பற்றி இழுப்பேன். அவர் என்னை வருத்தக் கூடாது என்று உடம்பை இறுக்கிக்கொள்வார். இழுக்க இழுக்க அவர் பின்னால்தான் போனார். நான்காம் நாள் காலையில், இழுப்பதை விட்டுவிட்டு, கட்டிலில் அவர் பக்கத்தில் இடுப்போடு இடுப்பு ஒட்ட உட்கார்ந்தேன். என் கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, மூச்சு வெளியே போகட்டும் என்று காத்திருந்தேன். அவருடைய விலா என் விலாவின்மேல் சாய்ந்தது. அப்படியே இருவரும் முன்னால் குனிந்தோம். தலை பாதங்களுக்கு நேரே வந்ததும் அவருடைய பாரம் இடுப்பிலிருந்து கால்களுக்கு இறங்குவது என் இடுப்பிலும் தெரிந்தது. அந்தக் கணத்தில் எழுந்தேன், அவரும் எழுந்தார்.

நின்றபடியே அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னடி, நீ தூக்கவே இல்லையே" என்றார்.