கடலில் எங்கே கல் நடுவது?

கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு எல்லைக்கல் சுமக்கும் கூலி வேலைக்குச் சில நாள் போனேன். கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பூம்பாறையில் பூண்டு விலை படுத்துக் கிடந்த நேரம். இரண்டு பேர் ஒரு கல்லைத் தூக்கி ஓடை தாண்டி, மேடேறி, குழி பறித்து நடுவோம். வெள்ளையடித்து எண் எழுதுவோம். அடுத்த மழைக்குள் ஒரு கல்லைக் காட்டெருமை முட்டிச் சாய்த்துவிட்டது. அதற்கு என்ன ஆட்சேபணையோ!

அந்தச் சரணாலயம் சுமார் 609 சதுர கிலோமீட்டர். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 560. என் மகள் பாம்பனில் செவிலியர் வேலைக்குப் போனதால் அந்தக் கடலையும் பார்த்தேன். 1986இல் அறிவித்த பூங்கா, 21 தீவுகள். அதில் இரண்டு இன்று நீருக்கடியில். கரையில் நின்று பார்த்தால் கல்லும் தெரியாது, வேலியும் தெரியாது.

மகளின் பக்கத்து வீட்டு அம்மாள் கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிறார். சுற்றிய துணிக்கு மேலே நகம் மட்டும் தெரிகிறது, ஓரமெல்லாம் தேய்ந்து. பாறையில் கிள்ளும் பாசிக்குப் பெயர் மரிக்கொழுந்து. நான் பூக்கடை மரிக்கொழுந்து என்று நினைத்துக் கேட்டுவைக்க, சிரித்துவிட்டார். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்று அங்குள்ள பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதை மீறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்புறம் தெருவில் எப்படி அண்ணே நடக்கிறது?" என்றார்.

உலக நாடுகளின் கணக்கு வேறு. 2020க்குள் கடலில் 10 சதவீதம் காப்போம் என்றார்கள், அதுவே எட்டவில்லை. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் கூடி, 2030க்குள் 30 சதவீதம் என்று ஏற்றிவிட்டார்கள். தவறினால் கேட்பாரில்லை. இந்தியாவின் கடற்பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் 30 சதவீதம் என்றால் நான்கரைத் தமிழ்நாடு! அத்தனைக்கும் யார் காவல்?

இலக்கை நாட்டின் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்கிறவர்கள் கட்சிதான் நான். ஆனால் வெறும் சதவீதத்தை எழுதினால், ஆளில்லாத ஆழ்கடலில் ஒரு பெரிய கட்டம் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். கடலடியை வாரும் இழுவைமடி வலை நுழையாத இடத்தை மட்டும் கணக்கில் சேர்க்கட்டும். எந்த வருடத்துக்குள் எவ்வளவு, தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் சட்டத்தில் இருக்கட்டும். முங்கிப் பாசி எடுப்பவரையும், கடலடியை வாரிக்கொண்டு போகும் விசைப்படகையும் ஒரே பிரிவில் அடைக்கக் கூடாது. கோடு போடும் முன் அந்தப் பன்னிரண்டு நாள்காரர்களைக் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் கல் நட்டபோது வரைபடத்தை நாங்கள் பார்த்ததே கல் வந்து இறங்கிய பிறகுதான்.

கிளம்பும்போது அவருக்கு இரண்டு கிலோ மலைப்பூண்டு கொடுத்தேன். பதிலுக்கு ஒரு பிடி காய்ந்த மரிக்கொழுந்து தந்தார். அடுக்களையில் பூண்டுக் கொத்துகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கருவாட்டு வாடை அடிக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்கிறாள் மனைவி.