பூக்கடைக் குறிப்புகள், சிங்கப்பூர், 2025

ஜனவரி 6, திங்கள்
புற்றுநோய்க்கான ஆக்ஸாலிப்ளாட்டின் மருந்து ஏறி முடிய இரண்டு மணி நேரம். திரும்பும் வழியில் டெக்காவில் இறங்கிக் கடையை எட்டிப் பார்க்கலாம் என்றால் மகன் விடவில்லை.

ஜனவரி 7
குளிர் ஆகாது என்று நர்ஸ் சொன்னபோது ஐஸ் தண்ணீரைத்தான் நினைத்தேன். காலையில் மல்லிகைப் பெட்டிக்குள் கையை விட்டேன், விரலெல்லாம் மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுத்தது. விமானத்தில் ஐஸோடு வருகிற பூ. கட்டும்வரை குளிரில் இருந்தால்தான் மொட்டாக நிற்கும். விரிந்துவிட்டால் முழத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். என் தொழிலே குளிர்தான், அதைத்தான் தொடக்கூடாதாம். கையுறை போட்டுக்கொண்டு நார் முடிச்சும் போட வராது. ஜொகூரிலிருந்து கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மேசையில் பரப்புகிறது. சில்லென்பது போனதும் நான் கட்டுகிறேன். அதற்குள் பாதி மொட்டு வாய் பிளக்கப் பார்க்கிறது.

ஜனவரி 9
வாந்தி. கடை திறந்திருந்தது.

ஜனவரி 14
பொங்கல். கேம்பல் லேனில் நெருக்கித் தள்ளுகிற கூட்டம், நான் வீட்டில். நேற்று முகக்கவசத்தைப் பார்த்து ஒரு வாடிக்கைக்காரம்மா, “டெங்கியாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். சிபிஎஃப் சேமநிதிப் பணம் கட்ட இன்று கடைசி நாள், படுத்தபடியே கட்டினேன். அந்தப் பிள்ளை முடிச்சைத் தளர்வாகப் போடுகிறது, தூக்கினால் பூ உதிர்கிறது. சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

ஜனவரி 20
இந்தச் சுற்றின் கேப்சிடபைன் மாத்திரை முடிந்தது. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. கைரேகையைப் போன் ஏற்கவில்லை. டாக்டரிடம் சொன்னால் கதை சொல்கிறார்: இதே மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை இல்லையென்று அமெரிக்க விமான நிலையத்தில் பல மணி நேரம் உட்கார வைத்தார்களாம். 2009இல் மருத்துவ இதழிலேயே வந்ததாம். நான் அமெரிக்காவா போகப் போகிறேன்? மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 27
வெள்ளை அணு குறைவு, இன்று ஏற்ற மாட்டார்கள். ஒரு வாரம் தள்ளி பிப்ரவரி 3. கையில் ஒரு தாள் தந்தார்கள். அணு குறைந்திருக்கும்போது வீட்டில் பூ வைக்காதீர்களாம். சிரித்துவிட்டேன். நர்சுக்குப் புரியவில்லை.

இரவு தூக்கம் இல்லை. தைப்பூசம் 11. மூன்றாம் தேதி ஏறினால் பத்தாம் தேதி கை எப்படி இருக்கும்? பால்குடத்துக்கு, காவடிக்கு, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடப்பவர்களுக்கு என்று எல்லா மாலையும் முந்தின நாள் ராத்திரிதான் கட்ட முடியும். தைப்பூசம் கழித்து ஏற்றலாமா என்று கேட்டுவிட்டேன். “பூவுக்காகவா?” என்றார் டாக்டர். ஆமாம், பூவுக்காகத்தான். வேறு எதற்கு? முடியாது என்றுவிட்டார்.

பிப்ரவரி 3
ஏறியது.

பிப்ரவரி 10
ஜொகூர்ப் பாலத்தில் நெரிசல் என்று அந்தப் பிள்ளையை மதியமே வரச் சொல்லிவிட்டேன். ராத்திரி பதினொன்றுக்கு, “நீங்க போய்ப் படுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்” என்றது. ஒரு மாலையைத் தூக்கி உதறிப் பார்த்தேன். இரண்டு மொட்டு விழுந்தது. சரி, இரண்டுதானே.

பிப்ரவரி 13
மாசியில் ஒரு கல்யாண ஆர்டர். ஸ்கேனும் அதே நாள். பாதிப் பணம் முன்னாலேயே கேட்டிருக்கிறேன், பெண்ணின் அம்மா யோசித்துச் சொல்கிறாராம்.