விலைச்சீட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு

கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் நான் முதலில் செய்வது, அதில் தொங்கும் விலைச்சீட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வதுதான். துணியைத் தடவி, உள்பக்கம் திருப்பி, தையலைப் பார்த்து, இதற்கு நான் எவ்வளவு கொடுப்பேன் என்று மனசுக்குள் ஒரு தொகையை முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் விரலை எடுப்பேன். சீட்டில் இருப்பது என் தொகையைவிடக் குறைவு என்றால் அது எனக்கு நல்ல விலை. அதிகம் என்றால், மேலே எத்தனை சதவீதத் தள்ளுபடி என்று சிவப்பில் அடித்திருந்தாலும் இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் ஒரு புத்தக அலமாரியால் வந்தது. 60 சதவீதத் தள்ளுபடி, பழைய விலையை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புது விலை, "இன்னைக்கு மட்டும்தான் மேடம், நாளைக்கு வந்தா பழைய விலைதான்" என்று சொல்லும் விற்பனையாளர். நான் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை மட்டுமே பார்த்தேன், அலமாரியைப் பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் நடுத்தட்டு தொட்டில் மாதிரி தொங்கியது. திருகாணியை இறுக்கலாம் என்று போனால், துளையைச் சுற்றி மரத்தூள் உதிர்ந்து கையில் வந்தது. 90 செ.மீ. நீளத் தட்டு, 15 மி.மீ. தடிமன், உள்ளே முழுக்கப் பார்ட்டிக்கல் போர்டு, அதாவது மரச்சில்லுகளைப் பசை போட்டு அழுத்திய பலகை. இதெல்லாம் வாங்கும் நாளிலேயே அளந்து பார்த்திருக்கக் கூடியதுதான். அடித்திருந்த அந்தப் பழைய விலை என் கண்ணை மறைத்துவிட்டது.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள், அது 10-லோ 65-லோ மட்டும் நிற்கும்படி முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். சக்கரம் நின்றதும், ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் இருக்கும் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்த கூட்டம் சொன்னதன் நடுமதிப்பு 25, 65-ஐப் பார்த்த கூட்டம் சொன்னதன் நடுமதிப்பு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண் அவர்கள் மனசை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடையில் அடித்து எழுதிய பழைய விலையும் அந்தச் சக்கரம் செய்த வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத்தொடர் 2012-ல் கூப்பன், தள்ளுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேரடியாகக் குறைந்த விலையைப் போட்டுப் பார்த்தது. அந்த வருட விற்பனை கிட்டத்தட்ட கால்வாசி சரிந்தது, 2013 ஏப்ரலில் தலைமை அதிகாரி வெளியேறினார், கூப்பன்கள் திரும்பி வந்தன. குறைந்த விலையைவிட, விலை குறைந்தது என்ற எண்ணம்தான் நமக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் விரலால் மூடச் சொல்கிறேன்.

துணி பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா. அவளுக்குத் தையல் வேலை. என்னோடு கடைக்கு வந்தால் நான் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அதை விடுடி, உள்ள திருப்பு" என்பாள். உள்ளே திருப்பினால் சட்டை தன் கதையைச் சொல்லிவிடும். பக்கத் தையலை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக அகட்டுவாள். இடைவெளி விட்டு நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தால், அந்தத் தையல் நாலு சலவைக்குத் தாங்காது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தை வைத்து எண்ணுவாள். சாதாரணச் சட்டைக்குப் பத்து, பன்னிரண்டு இருந்தால் சரி, எட்டுக்கும் கீழே போனால் வேண்டாம். கட்டம் போட்ட சட்டை என்றால் பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் ஒரே கோட்டில் சேர்கிறதா என்று பார்ப்பாள், ஏனென்றால் அப்படிச் சேர்த்து வெட்டத் துணி கூடுதலாகச் செலவாகும், அந்தச் செலவைச் செய்தவர்கள் மற்ற இடத்திலும் கஞ்சத்தனம் செய்திருக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. காஜாவில் நூல் பிசிறு நிற்கிறதா, பேன்ட் என்றால் காலுக்குக் கீழே மடித்துத் தைத்த இடத்தில் பிரித்து இறக்க ஒரு இரண்டு விரல் துணியாவது விட்டிருக்கிறார்களா, இதையும் பார்ப்பாள்.

டி-ஷர்ட் என்றால் வேறு மாதிரி. பக்கத் தையல் நேராகக் கீழே இறங்காமல் முன்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தால், துணியைச் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள் அல்லது துணிக்கே முறுக்கு இருக்கிறது, துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கை தெரிகிறதா பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கை ஜி.எஸ்.எம். என்பார்கள், அது 150 பக்கம் இருந்தால் சாதாரணம், 180-க்கு மேல் கனமான துணி. ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விட்டால், சுருக்கம் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு இஸ்திரி வேலை நமக்கு. அப்புறம் சலவைக் குறிப்பு. உலர்சலவை மட்டும் என்று இருந்தால் அந்தத் துணியின் விலை கல்லாவில் முடிவதில்லை, போட்டுக் கழற்றும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சில சமயம் விரலை எடுத்துப் பார்த்தால் விலை பயமாக இருக்கும். அப்போது எத்தனை தடவை போடுவேன் என்று வகுத்துப் பார்க்கிறேன். ஒன்றைவிட மூன்று மடங்கு விலையுள்ள இன்னொரு பேன்ட்டை 150 தடவை போட முடியும், மலிவானது 30 தடவையில் முட்டியில் வெளுத்துவிடும் என்றால், மூன்று மடங்கு கொடுத்ததுதான் மலிவு. ஆனால் இந்தக் கணக்கு உண்மையாகவே அடிக்கடி போடும் துணிக்குத்தான் பொருந்தும். வருடத்துக்கு ஒரு நாள் போடப்போகும் பட்டுக்கோ கோட்டுக்கோ இதைச் சொல்லி மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளக் கூடாது.

வீட்டுச் சாமானிலும் மூடிவிட்டுப் பார்க்கிற வழிதான், பார்க்க வேண்டிய இடம் மட்டும் மாறும். மெத்தை விரிப்பு வாங்கும்போது நூல் எண்ணிக்கை 1000, 1200 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்குமாக எத்தனை இழை என்பதுதான் அது. ஒற்றை இழையாக அவ்வளவு நூலை அங்கே நெருக்க இடமே இல்லை, முறுக்கிய நூலுக்குள் இருக்கும் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணித்தான் அந்த எண்ணைக் கொண்டுவருகிறார்கள். 200 முதல் 400 வரை உள்ள நல்ல நீள இழைப் பருத்தி போதும், அதுதான் காற்றோட்டமாகவும் இருக்கும். துண்டுக்கு 400 முதல் 600 ஜி.எஸ்.எம். நல்ல நடுத்தரம். அதற்கு மேல் போனால் தொட மெத்தென்று இருக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும், ஈரத்தோடு மடித்தால் வாடை வந்துவிடும். தடிமனாக இருப்பதாலேயே உயர்ந்தது என்று எடுத்துவிடாதீர்கள்.

மரச்சாமானில் முன்பக்கத்தை எல்லோரும் அழகாகத்தான் செய்கிறார்கள். இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்துத் தலைகீழாகப் பாருங்கள். அடித்தட்டு வெறும் அட்டை மாதிரி இருந்து, விரலால் அழுத்தினால் உள்வாங்கினால், துணி வைத்த முதல் மாதமே அது கழன்று வரும். பக்கப்பலகையும் முன்பலகையும் சேரும் மூலையில் பல்லுக்குப் பல் கோத்திருக்கிறார்களா, இல்லை வெறும் ஸ்டேப்பிள் பின் அடித்துப் பசை தடவியிருக்கிறார்களா என்று பாருங்கள். பின்பக்கம் போய் விளிம்பைப் பார்த்தால் உள்ளே என்ன என்று தெரியும்: அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட், மாவு மாதிரி ஒரே சீராக இருந்தால் மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., சிறு சிறு சில்லுகளாகத் தெரிந்தால் பார்ட்டிக்கல் போர்டு. கடைசி இரண்டும் கெட்டவை என்று நான் சொல்லவில்லை, சுவரோரம் நகராமல் நிற்கிற சாமானுக்கு அவையே போதும். தண்ணீர் படும் இடத்தில், அடிக்கடி பிரித்து மாட்டும் இடத்தில், நீளமான தட்டில் கனம் ஏற்றும் இடத்தில்தான் அவை தாங்காது. சோஃபா என்றால் ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள், உட்காரும் இடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவாவது இருக்கட்டும். கேட்டால் தெரியாது என்று சொல்லும் கடையில் நான் சோஃபா வாங்குவதில்லை.

என் கைப்பையில் ஒரு அளவு டேப்பும் சின்னக் காந்தமும் எப்போதும் இருக்கும். பித்தளைக் கைப்பிடி, பித்தளை விளக்கு என்று சொல்லி விற்கும் பொருளில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான். இண்டக்ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கினால் கதை நேர் எதிர், அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். டேப்பின் அருமையை நான் சொல்லவே வேண்டாம். பாதி விலைக்குக் கிடைத்த திரைச்சீலை ஜன்னலுக்கு ஒரு சாண் குறைந்தால் அது முழு நஷ்டம். ஜன்னல் மட்டுமில்லை, வாசல் கதவின் அகலத்தையும் மாடிப்படி திருப்பத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போகாத சோஃபாவைத் திருப்பி அனுப்பும் கூலி நம் தலையில்தான் விழும்.

தள்ளுபடிக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும். 50 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 20 என்றால் 70 ஆகாது. 100 என்பது முதலில் 50 ஆகும், அந்த 50-ல் 20 சதவீதம் 10, ஆக நாம் கொடுப்பது 40, தள்ளுபடி 60. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம். இரண்டாவது பாதி விலை என்பது மொத்தத்தில் வெறும் 25. இதுவும் நமக்கு அத்தனையும் தேவைப்பட்டால்தான். டெலிவரி இலவசமாக வேண்டும் என்று கூடையில் வேண்டாத ஒன்றைச் சேர்ப்பதையும் நான் நிறுத்திவிட்டேன், பல நேரம் அந்தப் பொருளைவிட டெலிவரிக் கூலி குறைவாக இருக்கிறது.

இணையத்தில் விலைச்சீட்டை விரலால் மூட முடியாது. அதற்குப் பதிலாக அந்த விலையின் பழைய கதையைப் பார்க்கலாம். அமேசானில் இருக்கும் பொருளுக்குக் கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற தளங்கள் மாதக்கணக்கான விலையைக் கோடாகப் போட்டுக் காட்டும். விற்பனைக்கு முந்தின வாரம் விலையை ஏற்றி, அப்புறம் பெரிய தள்ளுபடி என்று இறக்கியிருந்தால் அந்தக் கோட்டில் மேடு போலத் தெரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடி போட்டால் அதற்கு முந்தின 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. விதி இல்லாத இடத்தில் நாமே அந்த 30 நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். கடிகாரம் ஓடுகிறது, இன்னும் இரண்டே பாக்கி என்று சிவப்பில் துடிக்கும் பக்கங்களை நான் மூடிவிட்டு மறுநாள் திறந்து பார்ப்பேன். அநேகமாகக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். கூடையில் போட்டு ஒரு இரவு விட்டுவைத்தால் சில கடைகள் தாங்களாகவே ஒரு கூப்பன் அனுப்பும், அனுப்பாவிட்டாலும் காலையில் அந்தப் பொருள் வேண்டுமா வேண்டாமா என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

நேரமும் முக்கியம். குளிர் விடும்போது கம்பளியும், வெயில் இறங்கும்போது மெல்லிய பருத்தியும் வாங்கினால் கடைக்காரருக்கே அதை வைத்திருக்க இடம் இருக்காது, மனசோடு இறக்கிக் கொடுப்பார். ஆனால் குழந்தைகளுக்கு அடுத்த வருடத்துக்கென்று இப்போதே வாங்கும்போது கவனம், அவர்கள் நம் கணக்குக்கு வளர மாட்டார்கள். பார்வைக்கு வைத்த கட்டிலையோ மேஜையையோ கேட்டு வாங்குவதில் எனக்கு ரொம்ப விருப்பம். ஒரு மூலையில் கீறல் இருக்கும், அது சுவர்ப்பக்கம் போய்விடும், விலை நன்றாக இறங்கும், முக்கியமாக நூறு பேர் உட்கார்ந்து எழுந்த பிறகும் அது நிற்கிறது என்பதை நாம் நேரில் பார்த்துவிடுகிறோம்.

பழைய சாமானிலும் எனக்கு இதே காரணத்தால்தான் நம்பிக்கை. இருபது வருடம் உழைத்த தேக்கு மேஜை இனிமேல் தொங்கப்போவதில்லை. மெத்தையையும் குழந்தைக்கான கார் இருக்கையையும் மட்டும் நான் பழையதாக வாங்க மாட்டேன், ஒன்றில் மூட்டைப்பூச்சி பயம், இன்னொன்று விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது.

இப்போது என் குறிப்பேட்டில் நிற்பது: படுக்கையறை ஜன்னல் திரைச்சீலை, அகலம் 142, உயரம் 218 செ.மீ., கனத்த துணி, வீட்டிலேயே துவைக்கக் கூடியது. நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் தொகைக்கு இன்னும் வரவில்லை. அதுவரை பழைய புடவை ஒன்று அங்கே தொங்குகிறது, காலை வெயிலை அதுவே நன்றாகத் தடுக்கிறது.