மனச்சிதைவு ஆராய்ச்சியில் தம்பியும் நானும் சேர்ந்த அனுபவம்

தம்பிக்கு முதலில் உடம்பு சரியில்லாமல் போனபோது அவன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. காதில் குரல் கேட்கிறது என்றான். விடுதி அறையில் யாரோ கேமரா வைத்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினான். சென்னையில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) முதன்முறையாக வந்தவர்களை வைத்து அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ரத்தத்திலோ மூளையிலோ இந்த நோய்க்கு அடையாளம் ஏதாவது உண்டா, யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று தொடக்கத்திலேயே சொல்ல முடியுமா என்று தேடுகிறார்கள். சேர விருப்பமா என்று கேட்டார்கள். உங்கள் வீட்டிலும் யாரையாவது இப்படிக் கேட்கலாம், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த தைராய்டு, பி12, எம்.ஆர்.ஐ. எல்லாம் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கி இதே மாதிரி அறிகுறிகளைக் கொண்டுவரும் ஒரு நோய்கூட உண்டு. 2007 இல்தான் அதை அடையாளம் கண்டார்கள், அதற்கு மருந்தே வேறு. எங்களுக்கு எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். "அப்போ பையனுக்கு ஒண்ணும் இல்லையா சார்?" என்று அப்பா கேட்டார். மனச்சிதைவை உறுதிப்படுத்த இன்றைக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, பேசி, கவனித்து, வீட்டாரிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம் என்றார் டாக்டர். அந்த இல்லாத பரிசோதனையைத் தேடுவதுதான் ஆராய்ச்சி.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது. சமூகப் பணியாளர் அம்மா ஒருவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டி, தம்பியிடமே திருப்பிச் சொல்லச் சொன்னார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதை மட்டும் அவன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். உடன்பிறந்தவர்களிடமும் மாதிரி எடுக்கிறார்கள். நோய் இல்லாத எனக்கும் அவனுக்கும் பொதுவானது எது, வேறுபடுவது எது என்று பார்ப்பதற்கு. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ரத்தம் எடுப்பதில்தான் அவசரம். மாத்திரை தொடங்கிவிட்டால் சர்க்கரை, கொழுப்பு, ஹார்மோன் எல்லாம் மாறும். அப்புறம் தெரிவது நோயின் மாற்றமா மருந்தின் மாற்றமா என்று பிரிக்க முடியாது. அதற்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. சிகிச்சை தாமதமாகத் தாமதமாக நோய் தேறுவதும் சிரமம். எனவே மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம், அன்றைக்கே முதல் மாத்திரை. இந்த வரிசையை அவர்கள் கறாராகக் கடைப்பிடித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சுலபமாக முடிந்தது. தலையில் தொப்பி, ஜெல், காதில் ஒரே மாதிரி பீப் சத்தம். நடுநடுவே ஒரு சத்தம் மட்டும் கொஞ்சம் நீளமாக வரும். நாம் கவனிக்காவிட்டாலும் மூளை அந்த வித்தியாசத்தைப் பிடித்து ஒரு சிறு அலையாகக் காட்டும். மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சராசரியாக அந்த அலை சிறியதாக இருக்கிறது.

ஆராய்ச்சிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.தான் கஷ்டம். "இது என் நினைப்பைப் படிக்குமா? அந்தக் குரல் இதுக்குக் கேட்குமா?" என்று தம்பி கேட்டான். அங்கிருந்த ஆராய்ச்சியாளர் சிரிக்கவில்லை. "கேட்காது தம்பி. மூளையோட வடிவத்தையும் ரத்த ஓட்டத்தையும்தான் பார்க்கும். நினைப்பெல்லாம் உங்களோடதுதான்" என்றார். உள்ளே போனவன் சிறிது நேரத்தில் அவசர பொத்தானை அழுத்திவிட்டான். உடனே வெளியே எடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை முழுதாகப் படுத்திருந்தான்.

இவற்றின் முடிவு எங்கள் கைக்கு வரவில்லை, வராது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரத்தம் ஒரு குறியீட்டு எண்ணோடு உறைபெட்டிக்குப் போனது. ஏன் தருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. 2022 இல் வெளியான பெரிய மரபணு ஆய்வில், நோய் உள்ள 76,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, மரபணுத் தொகுப்பில் 287 இடங்கள் இந்த நோயோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இ.இ.ஜி. அலையும் அப்படியே. ஆயிரம் பேரின் சராசரியில் வித்தியாசம் தெரியும், எதிரில் இருக்கும் ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நல்ல அலை உள்ள நோயாளியும் உண்டு, சின்ன அலையோடு நலமாக இருப்பவரும் உண்டு.

சிகிச்சைக்கு உண்மையில் உதவியது சாதாரணமான ஒன்று. அறிகுறிகள் எவ்வளவு கடுமை என்று பார்க்கும் 30 அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோலில், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார்கள். மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் அது ஓரளவாவது இறங்காவிட்டால், அதே மருந்து பின்னால் கேட்கும் வாய்ப்பு குறைவு. தம்பிக்கு ரிஸ்பெரிடோனில் இறங்கவில்லை. ஓலன்சபின் கொடுத்தார்கள், எடை ஏறியது, குரல் நிற்கவில்லை. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தும் பலன் இல்லையென்றால்தான் க்ளோசபின் என்ற மருந்து. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலைக்கு வருகிறார்கள். அந்த மாதங்களில் அவன் செமஸ்டர் போனது, நண்பர்கள் போனார்கள், அம்மா தூங்கவே இல்லை. முதல் நாளே அவனுக்கு க்ளோசபின்தான் தேவைப்படும் என்று ஒரு பரிசோதனை சொல்லியிருந்தால்! மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் உற்பத்தியை பெட் ஸ்கேன் என்ற வேறொரு ஸ்கேனில் அளந்த ஆய்வுகள் ஒரு தடயம் தருகின்றன. வழக்கமான மருந்து கேட்பவர்களுக்கு அந்த உற்பத்தி கூடுதலாக இருக்கிறது, கேட்காதவர்களுக்கு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது. இந்தத் தேடலை நான் மனதார ஆதரிப்பது இதற்காகத்தான்.

க்ளோசபின் தொடங்கியதும் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம். இந்த மருந்தால் ரத்தத்தில் வெள்ளையணு ஆபத்தான அளவுக்குக் குறைவது நூற்றில் ஒருவருக்கும் கீழேதான், ஆனாலும் தவறவிடக் கூடாது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்தார்கள். சிகரெட் பிடித்தால் அந்த அளவு இறங்கும், திடீரென்று நிறுத்தினால் ஏறும். அதனால் பிடிப்பதையும் நிறுத்துவதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குரல் இப்போது எப்போதாவதுதான். ஆராய்ச்சியில் சேருவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: சிகிச்சை தள்ளிப்போகுமா, ஆராய்ச்சிப் பரிசோதனைக்கும் பயணத்துக்கும் யார் செலவு, ஸ்கேனில் கட்டி மாதிரி எதிர்பாராதது தெரிந்தால் நமக்குச் சொல்வார்களா. எங்களுக்கு மூன்றுக்கும் எழுத்திலேயே பதில் இருந்தது. அடுத்த தொடர் பரிசோதனைக்குத் தம்பி தானாகவே தேதி வாங்கி வைத்திருக்கிறான்.