ஆஸ்பத்திரிப் பேய்க்கதை எழுதிப் பார்த்த ஐந்து மாதங்கள்

தை, மூன்றாம் வாரம்

தங்கை கர்ப்பிணி, முப்பதாவது வாரம். பிரஷர் கூடியதால் நான்கு நாட்கள் ஆஸ்பத்திரி விடுதியில் வைத்துப் பார்த்தார்கள். இரவுத் துணைக்கு நான் நின்றேன். ஆஸ்பத்திரியில் நடக்கிற ஒரு பேய்க்கதை எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிடித்தது.

பதினொரு மணிக்குப் பிறகு பிரசவ விடுதியில் ஒரேயொரு மேசை விளக்கு மட்டும் எரியும். அந்த வெளிச்சத்துக்குள் குனிந்தபடி மிஸ்ஸி, அதாவது தாதி, நோயாளரின் குறிப்பு அட்டைகளான டிக்கெட்டுகளில் எழுதிக்கொண்டிருப்பார். கட்டில்கள் எல்லாம் இருட்டில். ஒருத்தி புரண்டு படுத்தால் இரும்புக் கட்டில் முனகும். அதைக் கேட்டு அடுத்தவளும் புரள்வாள். அப்படியே கடைசிக் கட்டில்வரை அந்த ஒலி நடந்து போகும். இரண்டாம் இரவு அதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். கட்டில்கள் பன்னிரண்டு. முனகல் பதின்மூன்று தடவை கேட்டது. நான் பிழையாக எண்ணியிருப்பேன். ஆனாலும் விடியும்வரை எனக்கு உறக்கம் வரவில்லை.

தங்கை நலமாக வீடு வந்தாள். வந்த அன்றே ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கினேன்.

மாசி

முதல் வரைவுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயைத் தேர்ந்தேன். 1847 இல் அமெரிக்க மிஷனில் இருந்து வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் அங்கேதான் வைத்தியம் செய்தார், மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று நின்ற மனிதர். மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்று அவருடைய முயற்சியால் 1857 இலேயே தமிழில் அச்சாகியிருக்கிறது. வீட்டில் மருத்துவிச்சியின் கையில் நடந்த பிரசவமும் புதிதாக வந்த ஆஸ்பத்திரியும் முட்டிக்கொள்ளும் காலம் அது. பயத்துக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது என்று நினைத்தேன்.

பேயாக யாரை வைப்பது? அம்மம்மா சொல்லி வளர்த்த கொத்தி இருந்தாள். பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றி வருகிற பேய். கொத்திக்குப் பயந்து பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் வைத்த காலத்தை அம்மம்மா கண்டிருக்கிறார். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனால் கொத்தியும் பின்னால் போவாள்தானே? அதுதான் என் கரு.

கரு நல்லது, எழுத்து நல்லதாக வரவில்லை. நாலாயிரம் சொல் எழுதிய பிறகு பார்த்தால் என் கொத்தி தலையை விரித்துப்போட்டு, வெள்ளைச் சேலையில், கொலுசுச் சத்தத்தோடு வந்து நிற்கிறாள். அம்மம்மாவின் கொத்திக்குக் கொலுசே கிடையாது. திரையில் கண்டதை என் கை தானாக எழுதிவிட்டது. இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அவளுக்குக் கெடுதல் செய்வதைத் தவிர வேறு வேலை இல்லை. வந்தாள், கொன்றாள், போனாள். மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். மாங்காய்க்கு உப்புத்தூள் தொட்டுக்கொண்டே கேட்டு முடித்தாள். ஓரிடத்தில்கூட அவள் கை நிற்கவில்லை.

பங்குனி

இந்த மாதத்தைப் பற்றி எழுத மனம் இல்லை. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

கொத்தியை விட்டுவிட்டுப் போர்க்காலத்துக்கு வந்தேன். 1990 இல் மின்சாரம் போய், ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்த ஆண்டுகள். ஜெனரேட்டர் நின்ற ஆஸ்பத்திரி, இருட்டு, நடைபாதையில் காலடி. இரண்டு கிழமையில் வேகமாக வந்தது. அந்த வேகத்தில் காலடிகளுக்கு உரியவர்களாக, முன்பு அங்கே சுடப்பட்டு இறந்தவர்களை வைத்தேன். ஊர்ப் பெயர் போடவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அதை வாசிக்கிற யாருக்கும் பெயர் தேவையில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படையினர் புகுந்து நோயாளரையும் ஊழியரையும் சுட்டுக் கொன்றார்கள். ஊழியர் மட்டும் 21 பேர். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆஸ்பத்திரியில் அவர்களுடைய படங்களுக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறார்கள்.

சின்னம்மாவுக்கு வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில் அவர் எழுந்து சாமி அறைக்குள் போனார். தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "அவர்களை ஏன் பிள்ளை பயங்காட்ட வைக்கிறாய்?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

என்னிடம் பதில் இல்லை. படத்துக்கு இன்னும் மாலை போடுகிற வீடு இருக்கும்போது, அந்த மனிதரை இருட்டில் காலடியாக நடக்கவிட எனக்கு உரிமை இல்லை. அவருடைய மரணத்தைப் பற்றி எழுதலாம், எழுதவும் வேண்டும். அது வேறு எழுத்து. பக்கங்களைக் கிழித்தேன். கொப்பி பாதியாக மெலிந்தது.

சித்திரை

வருடப்பிறப்புக்கு வடமராட்சிப் பக்கம் ஓட்டோவில் போகும்போது, வீதியோரத்தில் ஒரு சுமைதாங்கி கண்ணில் பட்டது. ஆயிரம் தடவை கடந்திருப்பேன். அன்றுதான் இறங்கிப் பார்த்தேன்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு நீளக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலையில் கடகமோ மூட்டையோ சுமந்து வருகிறவர், இன்னொருவர் கைகொடுக்காமல் தானே சுமையை அதில் மாற்றி வைத்து இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் இதைக் கட்டுவது வழக்கம். இறக்கிவைக்காமலே போன அவளுடைய சுமை, வழிப்போக்கர் சுமை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. இப்படியொன்றைக் கட்ட நினைத்த மனிதர்களை எண்ணினால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அடுத்த ஞாயிறு அளவுநாடாவோடு போனேன். நிலத்தில் இருந்து மேற்கல்லின் முகம்வரை 4 அடி 7 அங்குலம். என் தோளுக்குச் சற்றுக் கீழே. அந்த உயரத்தை எழுதிக்கொண்டபோதுதான் கதை கிடைத்தது.

வீதி அகலிக்கிறார்கள். சுமைதாங்கியைப் பெயர்க்கிறார்கள். மேற்கல் நல்ல நீளமான கல். வீணாக்க மனமில்லாமல் யாரோ அதைப் பக்கத்து ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதி விறாந்தையில், இருந்து இளைப்பாற வசதியாக, முழங்கால் உயரத்தில் போட்டுவிடுகிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் கல் தாழ்ந்துவிட்டது. நிறைமாதக்காரியால் அவ்வளவு கீழே குனிந்து இறக்கிவைக்க முடியாது.

பேய்க்கு ஒரு தேவை கிடைத்துவிட்டது. அவள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை, ஒரு நிமிடம் யாராவது பிடிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறாள். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. கதையில் வரும் கல்லிலும் எழுத்து தேய்ந்துவிட்டது.

வைகாசி

எழுதும் வேலை இந்த மாதம் முழுவதும் நடந்தது. அதிகம் உதவியவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற மருத்துவமாது. முப்பது ஆண்டுகள் பிரசவ விடுதியில் வேலை செய்தவர். பேயை அவர் நம்புவதில்லை; ஆனால் விடுதியைப் பற்றிப் பிழையாக எழுதினால் விடமாட்டார். பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை நான் காதில் வைத்துக் கையால் பிடிப்பதாக எழுதியிருந்தேன். "காதை அழுத்தி வைத்துக்கொண்டு கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் அந்தச் சத்தமும் சேர்ந்து கேட்கும்," என்றார். அந்த ஒரு திருத்தத்தால் ஒரு காட்சியே மாறியது. இப்போது குழலில் யாருடைய கையும் இல்லை, ஆனாலும் கை பட்டதைப்போல ஒரு உராய்வு கேட்கிறது.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். இருபத்துநான்கு வாரங்களுக்குப் பிறகு, நாடாவால் அளக்கும்போது கருப்பையின் உயரம் ஏறக்குறைய எத்தனை வாரமோ அத்தனை சென்ரிமீற்றர் இருக்கும். முப்பது வாரத்துக்கு முப்பது. தங்கையின் டிக்கெட்டில் அந்த எண்ணை நானே பார்த்திருக்கிறேன். கதையின் நடுவில் வரும் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

"சுவர் மணிக்கூடு இரண்டு பத்தைக் காட்டியது. ஒன்பதாம் கட்டிலின் கால்மாட்டில் ஒருத்தி நின்றாள். இரண்டு கைகளையும் வயிற்றுக்குக் கீழே கோத்திருந்தாள், நிறைகுடத்தை இறக்க இடம் தேடுகிறவளைப்போல. 'பிள்ளை, எனக்குக் குனிய முடியவில்லை. ஒரு நிமிடம் பிடி.' பாதி உறக்கத்தில் இவள் கையை நீட்டினாள்.

காலையில் மிஸ்ஸி நாடாவை வைத்தார். நேற்று முப்பது. இன்று முப்பத்துமூன்று. மறுபடி அளந்தார். குழலை வைத்துக் கேட்டார். ஒரு துடிப்புத்தான் இருந்தது."

இதற்கு மேல் விளக்கம் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். பயமுறுத்தும் உவமைகளையும் எடுத்தேன். "எலும்பை உறையவைக்கும் குளிர்" போன்றவற்றை வாசகர் தாண்டிப் போய்விடுவார். முப்பத்துமூன்று என்ற எண்ணில் நின்றுவிடுவார். 4,100 சொல்லில் இருந்த கதை 2,600 க்கு இறங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த வரி முதற்பக்கத்திலேயே வருகிறது, பேய் வருவதற்கு நெடுநேரம் முன்னால்: "அந்தக் கல்லில் இருந்து எழும்புகிற எவரும், ஆண்கள்கூட, ஒரு கையை இடுப்பில் ஊன்றித்தான் எழும்பினார்கள்." முதல் வாசிப்பில் இது யாருக்கும் உறைக்காது. கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு திரும்பிப் போய் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆனி, முதல் வாரம்

சின்னம்மாவிடம் போனேன். வாசிக்கட்டுமா என்று கேட்கவே தயக்கமாக இருந்தது. "பங்குனியில் வாசித்தது இல்லை, இது வேறு," என்றேன். "வாசி," என்றார். தேத்தண்ணீர் ஆறும்வரை அசையாமல் கேட்டார். மழைக்கால இருட்டும் இல்லை, மின்வெட்டும் இல்லை. பின்னேரம் நாலரை மணி, முற்றத்தில் நல்ல வெயில்.

கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கல்லைப் பிறகு யாராவது நிமிர்த்தி வைத்தார்களா?" என்று கேட்டார்.

"இல்லை சின்னம்மா. கதையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை."

"அந்த ஒன்பதாம் கட்டில் பிள்ளை?"

"அவளுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது."

அவர் வாசற்படியில் இருந்து எழுந்தார். கை இடுப்புக்குப் போனது. பாதியில் அதை உணர்ந்து, கையை எடுத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மருத்துவமாது இன்னும் ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார்: இரவுக் கடமை மாறும்போது டிக்கெட்டுகளை ஒப்படைக்கிற காட்சியில் இரண்டு மிஸ்ஸிமார் கட்டில் கட்டிலாகச் சேர்ந்து நடக்க வேண்டும், நான் ஒருவரை மட்டும் நடக்க வைத்திருக்கிறேன். இந்தக் கிழமை அதை எழுதுகிறேன். பன்னிரண்டு கட்டில்களையும் அவர்கள் வாய்விட்டு எண்ணிக்கொண்டு போவதாக எழுத எண்ணம்.