ஒரு கூட்டல் குறியால் மறைந்த 214 கோப்புகள்

நேற்று மாலை ஆபீஸ் ஃபோல்டரைத் திறந்தால் 217 வேர்ட் கோப்புகள் இருந்த இடத்தில் மூன்றே மூன்று இருந்தன. இரண்டு வருடச் சுற்றறிக்கைகள், வேறு பிரதியும் கிடையாது. கை நடுங்கிவிட்டது. விபிஏ-வில் (வேர்டுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழி) செட்அட்டர் என்ற, கோப்பின் பண்புக் குறிகளை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேலை சின்னதுதான். கையெழுத்தாகிப் போன சுற்றறிக்கையை யாராவது திறந்து, அதன் மேலேயே அடுத்ததை அடித்து சேவ் செய்துவிடுகிறார்கள். அதனால் முடிந்தவற்றை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்க வேண்டும், மாதாமாதம் செய்யும் வேலை என்பதால் மேக்ரோவாகவே (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதினேன். ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் டிர் கட்டளையால் ஒவ்வொரு கோப்பாக எடுத்து, அதில் இருக்கும் குறிகளை ஒரே எண்ணாகச் சொல்லும் கெட்அட்டர் தரும் எண்ணோடு, ரீட்-ஒன்லிக்கான எண்ணான விபி-ரீட்ஒன்லியைக் கூட்டி செட்அட்டருக்குக் கொடுத்தேன். ஏன் கூட்டினேன் என்றால், வெறும் விபி-ரீட்ஒன்லி மட்டும் கொடுத்தால் ஆர்க்கைவ் (காப்பு எடுக்க வேண்டியது என்ற குறி) போன்ற பழைய குறிகள் அழிந்துவிடும். அதுவரை சரி.

முதல் ஓட்டத்தில் கடைசி மூன்று கோப்புகள் மிச்சமிருக்கும்போது பிழை வந்து நின்றது. அந்த மூன்றும் தமிழில் பெயர் வைத்த கோப்புகள். டிர், கெட்அட்டர், செட்அட்டர் மூன்றுக்குமே யூனிகோட் (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) பெயர் புரியாது, தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகத்தான் வரும். அது எனக்கு அப்போது தெரியாது. அவசரத்தில் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போ) என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். அங்கேதான் போனது.

கணக்கைப் பாருங்கள். ரீட்-ஒன்லி 1, ஹிடன் (மறைந்தது) 2, சிஸ்டம் 4, ஆர்க்கைவ் 32. முதல் ஓட்டத்தில் 32 + 1 = 33, சரியான விடை. இரண்டாவது ஓட்டத்தில் 33 + 1 = 34. அதாவது ஆர்க்கைவும் ஹிடனும்! ரீட்-ஒன்லி போய், கோப்பே கண்ணுக்கு மறைந்துவிட்டது. தமிழ்ப் பெயர்க் கோப்புகளை மேக்ரோ தொடவே முடியாததால் அவை மட்டும் தப்பின.

பதறிப்போய் ஒன்றைக் கழிக்கிற மாதிரி மேக்ரோவை மாற்றி ஓட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. டிர் கட்டளைக்கு விபி-ஹிடன் என்று தனியாகச் சொல்லாவிட்டால் மறைந்த கோப்புகளை அது எடுத்தே தராது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் எண்ணிக்கை 217 என்றே இருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குப் போய் குறிகளை மாற்றும் அட்ரிப் கட்டளையில் கழித்தல் குறியும் ஹெச்-சும் (ஹிடனை நீக்கு என்று பொருள்) போட்டு, எல்லா டாக்எக்ஸ் கோப்புகளுக்கும் கொடுத்தேன், ஒரு நொடியில் அத்தனையும் திரும்பி வந்தன. யாராவது கோப்பைத் திறந்து வைத்திருந்தால் வேர்ட் போடுகிற அலைக்குறி-டாலர் தற்காலிகக் கோப்பும் கூடவே தெரியும், பயப்பட வேண்டாம், அது இயல்பாகவே மறைந்திருப்பது.

கூட்டலுக்குப் பதில் ஆர் (Or) போடுங்கள், குறி ஏற்கெனவே இருந்தால் அது மறுபடி கூட்டாது. 32 ஆர் 1 என்றாலும் 33, 33 ஆர் 1 என்றாலும் 33, எத்தனை முறை ஓட்டினாலும் மாறாது. ரீட்-ஒன்லியை நீக்க வேண்டுமானால் கழிக்காதீர்கள், அண்ட் நாட் (And Not) விபி-ரீட்ஒன்லி என்று போடுங்கள், அந்த ஒரு குறி மட்டும் போகும். ஆன் எரர் வரியை, எந்தக் கோப்பில் பிழை என்று தெரியாமல் போடவே போடாதீர்கள்.

இன்னொன்று, திறந்திருக்கும் கோப்புக்கு செட்அட்டர் செல்லாது. பெயரை முதலில் ஒரு மாறியில் வாங்கிக்கொண்டு, டாக்குமென்ட்டை மூடிவிட்டு, அப்புறம் கொடுக்க வேண்டும். மூடிய பிறகு ஆக்டிவ்டாக்குமென்ட்டிடம் (வேர்டில் அப்போது முன்னால் திறந்திருக்கும் கோப்பு) அந்தப் பெயரைக் கேட்டால் கிடைக்காது. மேக்ரோவும் அதே கோப்பில் இல்லாமல் நார்மல் டெம்ப்ளேட்டில் (வேர்டின் பொது வார்ப்புருக் கோப்பு) இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர்க் கோப்புகளுக்கு ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் (கோப்புகளைக் கையாள விண்டோஸ் தரும் தனிக் கருவி) தான் வழி, அதில் குறிகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள அட்ரிபியூட்ஸ் யூனிகோட் பெயரைச் சிக்கலில்லாமல் எடுத்துக்கொள்கிறது. இன்று காலை ஃபோல்டரை முதலில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, முழு மேக்ரோவையும் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்டிலேயே மாற்றி எழுதி, வேண்டுமென்றே மூன்று முறை ஓட்டினேன். 217 கோப்புக்கும் 33.